ஊற்றியது ஒருவர், சொன்னது ஒருவர்

என் சமையலறை ஜன்னலில் ஓர் எனாமல் குவளை இருக்கிறது. வெள்ளைக் குவளை, வாயில் நீலக் கோடு. கைப்பிடிக்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு எனாமல் பெயர்ந்து கறுத்த இரும்பு தெரியும். கோடையில் ஏற்காட்டுக்குக் குளிர் தேடி வரும் உறவினர்கள் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, பழைய காலத்துச் சாமான், அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதில் காபி குடிப்பதில்லை, பூ வைப்பதில்லை, தூக்கி எறியவும் இல்லை. அது எங்கள் உபதேசியாருடையது. அவரை எனக்குப் பிடிக்காது. இறந்தவரைப் பற்றி இப்படி எழுதக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோதும் எனக்கு அவரைப் பிடிக்காது. செத்துப்போனார் என்பதற்காக நான் கட்சி மாறப் போவதில்லை.

தலைச்சோலைக்கு அந்தப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். லைனுக்கு மேலே மேட்டில் தகரக் கூரை போட்ட சின்ன மாதா கோயில். சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாட்களில் அங்கே கடவுளின் சார்பில் பொறுப்பில் இருந்தவர் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவது, சாவு விழுந்தால் கல்லறைத் தோட்டத்தில் குழிக்கு இடம் காட்டுவது எல்லாம் அவர்தான். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி, வெள்ளை வேட்டி, எப்போதும் சவரம் செய்த முகம். யாரையும் அடித்ததில்லை. குரலை உயர்த்தியதில்லை. மழையில் மூன்று மைல் நடந்து போய் நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் நான் என்றைக்கோ அவரை மறந்திருப்பேன்.

அவர் எங்களுக்கு நரகத்தைக் கற்றுக்கொடுத்த விதம் இது. மேசையில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைப்பார். ஒவ்வொருவராக வந்து சுடருக்கு மேலே விரலை நீட்ட வேண்டும். அவர் எண்ணுவார். மூன்றில் கையை இழுத்துக்கொள்வோம். பெரிய வீரர்கள் ஐந்து வரை போவார்கள். எல்லோரும் விரலைச் சூப்பிக்கொண்டு உட்கார்ந்த பிறகு, பிள்ளைகளைச் சாமி என்றே கூப்பிடும் அவர் மெதுவாகச் சொல்வார்: “மூணுக்கே முடியல பாருங்க சாமி. அங்க எண்ணிக்கையே கெடையாது. தண்ணி தண்ணின்னு கத்துவாங்க. ஒரு சொட்டு குடுக்கறதுக்கு ஆளிருக்காது.” மிரட்டல் இல்லாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொல்வார். எட்டு வயதுப் பிள்ளைகள் நாங்கள். அன்று சாயங்காலம் வீட்டில் அடுப்புப் பக்கம் போக மாட்டேன் என்று அழுதவர்கள் உண்டு. அதையும் பக்தி என்றுதான் பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நரகத்தைக் காட்டியவர் அதிலிருந்து தப்பும் வழியையும் காட்டினார். அவசர ஞானஸ்நானம். சாகக் கிடக்கும் குழந்தைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க முடியாது. மலை அப்படி. பிரசவ வலி எடுத்தால் சேலத்துக்குப் போக வேண்டும், போகும் வழியில் என்ன வேண்டுமானாலும் நடக்கும். ஆகவே யார் வேண்டுமானாலும், ஒரு சின்னப் பிள்ளைகூட, கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஓட வேண்டும். ஓடும்போதே, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்ற அந்த ஒற்றை வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். இதை அவர் எங்களுக்குப் பப்பாளிப் பழத்தை வைத்துப் பழக்கினார். ஒருத்தி பப்பாளியைக் கைக்குழந்தைபோல ஏந்திக்கொள்வாள், இன்னொருத்தி இந்த எனாமல் குவளையால் ஊற்றிக்கொண்டே சொல்வாள். பப்பாளிக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் சண்டை வரும். வகுப்பு முடிந்ததும் பழத்தை அவரே அறுத்து எல்லோருக்கும் கொடுப்பார். ஞானஸ்நானம் வாங்கிய பழத்தைத் தின்றால் பாவமா என்று ஒருவன் கேட்டான். அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது. வகுப்பில் முதல் ஆள் நான். வாக்கியத்தில் ஒரு எழுத்து பிசகாது எனக்கு.

எனக்குப் பத்து வயது நடந்தபோது அம்மாவுக்கு ஏழாம் மாதத்தில் வலி கண்டது. எஸ்டேட் கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, இங்கே ஆகாது, சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். ஏற்காட்டுக் கடைத்தெருவில் மளிகை வைத்திருந்த பாய் தன் ஜீப்பைக் கொண்டுவந்தார். பின்சீட்டில் அம்மா, அப்பா, மாற்றுத்துணிப் பையோடு நான். மத்தியானம்தான், ஆனால் மூட்டம் இறங்கி ரோடு தெரியவில்லை. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு நம்பர் போட்ட பலகை இருக்கும். இருபதில் தொடங்கி இறங்கினோம். பதினான்கைத் தாண்டியதும் அம்மா பாயிடம் வண்டியை நிறுத்தச் சொன்னாள். நிறுத்துவதற்குள் தம்பி பிறந்துவிட்டான்.

பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான் அழுகை. என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவான். அம்மா அவனை முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டு முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவன் உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. அவள் நிமிர்ந்து என்னிடம் சொன்னாள்: “உபதேசியார் சொல்லிக் குடுத்தாரல்ல, அதச் செய்யி கண்ணு.”

தண்ணீர் இருந்தது. மேலே ஏறும்போது ரேடியேட்டர் கொதித்தால் ஊற்றுவதற்கென்று பாய் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் கேனில் வைத்திருந்தார். அதை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, பெண்பிள்ளை கிடக்கும் இடம் என்று வண்டிக்கு முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். வகுப்பில் எனக்குப் பழக்கம் குவளை. இது நிறையத் தண்ணீர் உள்ள பெரிய கேன். தூக்கிச் சாய்த்தேன். பாதி அம்மா காலிலும் பாதி சீட்டிலும் கொட்டியது. அப்பா கேனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “நீ சொல்லு சாமி, நான் ஊத்தறேன்” என்றார். அப்பா கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவர். ஜெபம் எதுவும் முழுசாகத் தெரியாது. ஆனால் காபிச் செடிக்கு மருந்தடிக்கும் வேலைக்காரருடைய கை, ஆடாது. நூல்போல ஊற்றினார். நான் சொன்னேன். ஒரு எழுத்து பிசகவில்லை. அவன் கண்ணைத் திறந்து மூடினான். பாய் வண்டியை எடுத்துப் பத்தாம் வளைவு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. அடிவாரம் இறங்கிச் சேலம் போய் அவளைச் சேர்த்தோம். மறுநாள் காலை அப்பாவும் நானும் அதே ஜீப்பில், ஒரு சோப்பு அட்டைப்பெட்டியில் தம்பியை வைத்துக்கொண்டு மேலே வந்தோம். வழி முழுக்க எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். தம்பி செத்துப்போனான், ஆனால் அவனை மோட்சத்துக்கு அனுப்பியது நான். உபதேசியார் என் தலையில் கை வைத்துக் கெட்டிக்காரி என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

கோயில் படியில் உட்காரவைத்துத்தான் அவர் என்னை விசாரித்தார். விசாரணை என்பது என் வார்த்தை. அவரைப் பொறுத்தவரை பதிவேட்டில் எழுத வேண்டும், அதற்கு விவரம் வேண்டும். தண்ணீர் சுத்தமான தண்ணீர்தானா, தலையில் ஓடியதா, வாக்கியத்தை முழுசாகச் சொன்னாயா. எல்லாவற்றுக்கும் ஆமாம். பிறகு, யார் ஊற்றியது என்று கேட்டார். கேன் ரொம்பக் கனம் என்றேன். அவர் முகத்தில் ஏதோ மாறியதைப் பார்த்துவிட்டேன், எது என்று தெரியவில்லை. அவர் அதே மெதுவான குரலில், பொய் சொன்னால் எங்கே போவோம் என்று கேட்டார். நரகத்துக்கு என்றேன். “அப்ப உள்ளதச் சொல்லு சாமி.” உள்ளதைச் சொன்னேன். அப்பா ஊற்றினார், நான் சொன்னேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “ஒருத்தரே ஊத்தி ஒருத்தரே சொல்லோணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சாமி.” சொல்லித்தான் இருந்தார். நான்தான் பப்பாளியின் பெயரில் கவனமாக இருந்துவிட்டேன். ஊற்றியது ஒருவர், சொன்னது ஒருவர் என்றால் அது செல்லாது. செல்லாது என்றால் தம்பி ஞானஸ்நானம் இல்லாதவன். அப்படிச் செத்த குழந்தைகளுக்கு மோட்சம் கிடையாது. நரகத்தின் ஓரத்தில் அவர்களுக்கென்று நெருப்பில்லாத, வெளிச்சமும் இல்லாத ஓர் இடம் உண்டு என்று அவர் எங்களுக்கு ஏற்கெனவே பாடம் எடுத்திருந்தார். அவர்களைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு உள்ளே புதைப்பதும் கிடையாது.

சுவருக்கு வெளியே, மிளகுக்கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் குழி வெட்டினார்கள். வெட்டியது வேறு யாருமில்லை, உபதேசியாரே. வெட்டும்போது அவர் அழுதார். மூக்கு ஒழுக, தோளில் துடைத்துக்கொண்டே வெட்டினார். எனக்கு இன்றுவரை ஆறாதது அந்த அழுகைதான். இது தப்பு என்று அந்த மனிதரின் நெஞ்சுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சுவருக்கு வெளியேதான் வெட்டினார். மண்வெட்டியை நான்கு அடி தள்ளிப் போட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? மாதம் ஒருமுறை வரும் சாமியாரா? கேட்பார் என்று அவர் பயந்தது அதற்கும் மேலே ஒருவருக்கு. அந்த ஒருவரை அன்பே உருவானவர் என்று எங்களுக்குப் பாடச் சொல்லிக்கொடுத்தவரும் இவர்தான்.

அப்பா அதற்குப் பிறகு கோயிலுக்குள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஜெபத்துக்குப் போகும்போது அவர் ஓக் மரத்தடியில் களை பிடுங்கிக்கொண்டிருப்பார். தான் கேனைத் தொடாமல் இருந்திருக்க வேண்டும் என்று ஒரே ஒருமுறை சொன்னார். நான் நர்சிங் படிக்கும்போது அவர் போய்விட்டார். சுவருக்கு உள்ளே இடம் கிடைத்தது அவருக்கு. கேட்கவில்லை, கிடைத்தது.

அம்மா எட்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். அழுது புரளவில்லை. கோயிலை விடவும் இல்லை. ஞாயிறு தவறாமல் போய்க் கடைசி வரிசையில் உட்காருவாள். ஆனால் சாமியார் வரும் நாளில் நன்மை என்னும் அப்பத்தை வாங்க எழுந்திருக்க மாட்டாள். ஒரு வருஷம் பார்த்துவிட்டு உபதேசியார் வீட்டுக்கே வந்து கேட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். அம்மா சொன்னாள், மோட்சத்துக்கு நல்லவர்கள் எல்லோரும் போகிறார்கள், அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை, என் பிள்ளை இருக்கும் இடத்தில்தான் துணைக்கு ஆள் இல்லை, நான் அங்கே போகிறேன் என்று. உபதேசியார் பதறிப்போனார். அப்படிப் போக முடியாது என்று விளக்கினார். பாவத்தோடு சாகிறவர்கள் நெருப்புக்குப் போவார்கள், குழந்தை இருப்பது வேறு இடம், இரண்டுக்கும் நடுவில் வழி கிடையாது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் கேட்டாள்.

“அப்ப நான் எங்க போனா அவனப் பாக்கலாமுங்க?”

நல்லவளாகச் செத்தால் மேலே. கெட்டவளாகச் செத்தால் கீழே. இரண்டிலும் பிள்ளை இல்லை. அவள் என்ன செய்தாலும், எப்படி வாழ்ந்தாலும் அவனைப் பார்க்க முடியாதபடி கடவுள் கட்டிய அந்த வீட்டுக்குப் பிளான் போட்டிருந்தது. உபதேசியார் காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு, ஆண்டவருடைய சித்தம் என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனார். கடவுள் என்ற ஏற்பாட்டோடு நான் சண்டை போடத் தொடங்கியது அன்றைக்கு. பின்னாளில் எவ்வளவோ பேரிடம் இந்தக் கேள்வியைக் கொண்டுபோயிருக்கிறேன். படித்த சாமியார்கள் படித்த பதில் சொன்னார்கள். கடவுள் யாரையும் நரகத்துக்கு அனுப்புவதில்லை, மனிதன் தானே அதைத் தேர்ந்துகொள்கிறான் என்றார் ஒருவர். பதினான்காம் வளைவுக்கும் பத்தாம் வளைவுக்கும் நடுவில் என் தம்பி எதைத் தேர்ந்தான் என்று கேட்டேன். அது மனித அறிவுக்கு எட்டாத ரகசியம் என்றார். தண்டிக்கும் விஷயம் எல்லாம் கணக்காக எட்டுகிறது, இரக்கம் மட்டும் எட்டவில்லை. தாலுகா ஆபீசில் இனிஷியல் மாறியிருந்தால்கூட ஒரு கிளார்க் முகத்தைப் பார்த்து இரங்கி முத்திரை குத்திக்கொடுப்பார். எல்லாம் வல்லவருக்கு அந்த அதிகாரம் இல்லையாம்.

நெருப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் நெருப்பைப் பார்த்ததில்லை. நான் சேலத்தில் தீக்காய வார்டில் ஆறு வருஷம் இருந்தேன். ஒருமுறை, பெண்டாட்டியைக் கொளுத்திவிட்டுத் தானும் எரிந்துபோன ஒருவனைக் கொண்டுவந்தார்கள். அவள் பக்கத்து வார்டில் செத்துப்போயிருந்தாள். அவன் கத்திய கத்தலுக்குப் போலீஸ்காரரே வெளியே போய் நின்றார். எனக்கு அவன்மேல் இருந்த வெறுப்பை எழுத முடியாது. ஆனாலும் டாக்டர் வலிக்கு எழுதிய ஊசியை ஒரு நிமிஷம் தாமதிக்காமல் போட்டேன். வெறுத்துக்கொண்டேதான் போட்டேன். அவனுக்கு வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அந்தக் கட்டிலைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. நான் நல்லவள் இல்லை. வார்டில் என் வாய்க்குப் பயந்த பிள்ளைகள் ஏராளம். என்னால் ஒரு ஷிப்ட் தாங்க முடியாததை நல்லவர் ஒருவர் முடிவே இல்லாமல் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதுதான் என் கேள்வி. கேள்வி இப்போதும் அப்படியே இருக்கிறது.

நடுவில் காலம் மாறியது. கல்லறைத் தோட்டத்தில் இடம் போதவில்லை என்று சுவரை இடித்துத் தள்ளிக் கட்டினார்கள். கொத்தனார் நூல் பிடித்தபோது ஓக் மரம் உள்ளே வந்துவிட்டது. அத்தனை வருஷம் வேதம் செய்யாததைச் சேலத்துக் கொத்தனார் ஒரு மத்தியானத்தில் செய்தார். நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே, “செவுரு நகந்துச்சு, அவன் நகந்தானா?” என்றாள்.

புதிதாக வந்த இளம் சாமியார் இன்னும் ஒரு படி மேலே போனார். குழந்தைகளுக்கு அப்படி ஓர் இடம் என்பதையெல்லாம் இப்போது நாங்கள் சொல்வதில்லை அம்மா, கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம் என்று என்னிடம் சிரித்த முகத்தோடு சொன்னார். நல்ல பையன்தான். ஆனால் அவர் அதைச் சொன்ன விதம், பழைய பஸ் ரூட்டை ரத்து செய்துவிட்டதைச் சொல்வதுபோல இருந்தது. அப்படியென்றால் என் அம்மா நாற்பது வருஷம் காத்து நின்ற ஸ்டாப்பில் பஸ்ஸே கிடையாது. அதை வந்து அவளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா படுத்த படுக்கையானாள். நுரையீரல். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏற்காட்டில் இந்த வீட்டை வாங்கி அவளை வைத்துக்கொண்டிருந்தேன். இளம் சாமியார் சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயோடு வந்தபோது அம்மா கும்பிட்டு, வேண்டாமுங்க சாமி என்று மறுத்துவிட்டாள். எண்ணெய் பூசிப் பாவம் போய்விட்டால் மேலே கூட்டிப் போய்விடுவார்கள் என்று பயந்தாள். சாமியார் புதுப் பாடத்தைச் சொல்லிப் பார்த்தார். அவள் தலையாட்டினாள், நம்பவில்லை. அவளைப் பொறுத்தவரை சுவருக்கு வெளியே அனுப்பியவர் உபதேசியார். திருப்பிக் கூப்பிடுவதென்றாலும் அவர்தான் கூப்பிட வேண்டும். தன் பிள்ளை இருட்டில் கிடக்கிறான் என்று நினைத்துக்கொண்டே அவள் சாகக் கூடாது, எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆகவே, வாழ்நாளில் ஒரே ஒருமுறை அவரிடம் கெஞ்சப் போனேன். கிளியூர்ப் பக்கம் மகன் வீட்டில் இருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதே எனாமல் குவளையில் மாத்திரைக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், அன்று நான் சொன்னது தப்பு, உன் பிள்ளை மோட்சத்தில்தான் இருக்கிறான் என்று சொல்லுங்கள், போதும் என்றேன். இப்போது சாமியார்களே அப்படித்தான் சொல்கிறார்கள் என்றும் சொன்னேன். அவர் குவளையைக் கீழே வைத்தார்.

“அவங்க எளசுங்க, என்ன வேணா சொல்லலாம். நான் தெரியாத ஒண்ணத் தெரிஞ்ச மாதிரி சொல்ல முடியாது கண்ணு. நாளைக்கு நான் அங்க போயி நிக்கோணும்.”

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு உடம்பு எரிந்தது. அவருக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. தனக்கு நெருப்பு வந்துவிடுமோ என்ற பயம் அந்த இரக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஒரு நல்ல மனிதரை இவ்வளவு கோழையாக்கும் பாடத்தை யார் எழுதினார்களோ அவர்களை நான் வாயாரத் திட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும், பத்து வயதில் சொல்லாத பொய்யை ஐம்பது தாண்டிச் சொன்னேன். அம்மா, அன்று ஊற்றியதும் நான்தான், உபதேசியாரிடம் பயத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன்.

அம்மா என் கையைத் தடவினாள். “ஒன்னால அந்தக் கேனத் தூக்கவே முடியலயே கண்ணு. நான் பாத்துட்டுத்தான இருந்தேன்.” மூச்சு வாங்கிவிட்டு மெதுவாக இன்னொன்றும் சொன்னாள். “இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்ல.”

குற்றம் சாட்டும் குரலே இல்லை அதில். கறிக்கு உப்பு குறைந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். மூன்றாம் நாள் போய்விட்டாள், எண்ணெய் பூசாமலே. ஓக் மரத்துக்குப் பக்கத்தில் இடம் கேட்டேன், கொடுத்தார்கள். உடம்புகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. மற்றது எனக்குத் தெரியாது.

போன வருஷம் மழைக்காலத்தில் உபதேசியாரின் மருமகள் போன் செய்தாள். படுக்கைப் புண் வைத்திருக்கிறது, வந்து கட்டிவிட முடியுமா அக்கா என்று கேட்டாள். நர்ஸ் என்றால் ஊரில் யாருக்கும் மறுக்க முடியாது. போனேன். மத்தியான நேரம், வெளியே மூட்டம். முதுகைத் துடைத்து மருந்து வைத்துக் கட்டினேன். அவர் பாதியாகியிருந்தார். எண்ணெய் பூசியாகிவிட்டது, ஒரே வாரத்தில் மூன்று முறை சாமியாரிடம் பாவம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாகிவிட்டது, இருந்தும் மாமாவுக்குப் பயம் போகவில்லை, கண்ணை மூட மாட்டேன் என்கிறார் என்று மருமகள் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார், கீழே ஏதோ இருப்பதுபோல. என்னை அடையாளம் தெரிந்தது.

“அந்தப் புள்ள அங்க நின்னு என்னயக் கேப்பானா கண்ணு?” என்றார். நான் மிச்சத் துணியைச் சுருட்டினேன். “நான் எங்க போவேன்?” என்றார்.

அம்மா கேட்ட அதே கேள்வி. என்னிடம் வருஷக்கணக்காகப் பழுத்த பதில் இருந்தது. ஆண்டவருடைய சித்தம் என்று சொல்லிவிட்டு, அவர் அன்று எழுந்து போனதுபோல நானும் எழுந்து போயிருக்கலாம். அவரே வைத்த பாடம், அவரே எழுதிய பரீட்சை. எழுந்தும் விட்டேன். அப்போது அவர், “தண்ணி” என்றார்.

ஸ்டூலின்மேல் குவளை இருந்தது. அவரால் பிடிக்க முடியாது. கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி, வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பாதி தாடையில் வழிந்தது. ஊற்றிக்கொண்டே சொன்னேன்: “நரகமெல்லாம் கெடையாதுங்க. உங்கள யாரும் எங்கயும் தள்ள மாட்டாங்க. பயப்படாமக் குடிங்க.” நெசமாவா கண்ணு என்றார். நெசந்தானுங்க என்றேன். கட்டிலைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. இரண்டு நாள் கழித்துத் தூக்கத்தில் போனார். சாமானையெல்லாம் ஒழித்தபோது மருமகள் குவளையை எனக்குக் கொடுத்தனுப்பினாள்.

நான் அவரை மன்னிக்கவில்லை. நான் சொன்னது உண்மையா என்றும் எனக்குத் தெரியாது. இன்று காலை ஜன்னலைத் துடைக்கும்போது குவளையை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ஒன்று மட்டும் நிச்சயம். அன்று அவர் வாயில் தண்ணீரை ஊற்றியதும் நான்தான், சொன்னதும் நான்தான். நடுவில் வேறு கை கிடையாது. அவருடைய சட்டப்படி அது செல்லும்.